உப்பங்கழி நீரில் குளிரும் வீடு என்றார்கள், 8 லட்சம் போயிற்று

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீரோர அடுக்ககம் வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் 8 லட்சம் ரூபாய் ஒரு கட்டுமான நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முட்டுக்காடு உப்பங்கழி நீரைக் குழாயில் சுற்றவிட்டே வீட்டைக் குளிர்விப்பார்களாம். பம்பு சூரிய மின்சாரத்தில் ஓடுமாம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றவும் வசதி உண்டாம், மார்கழிக்கு ஒரு போர்வை போதும் என்கிற ஊரில்!

மாதிரி வீட்டில் விற்பனை மேலாளர் சுவரோரக் குழாயைக் காட்டி, "தொட்டுப் பாருங்கள் அம்மா" என்றார். என் அம்மா தொட்டார். சில்லென்றிருந்தது. ஏசிக் காற்று பட்டாலே மூட்டு வலிக்கிறவர். "காற்றே இல்லாமல் குளிர்கிறதே" என்று முகம் மலர்ந்துவிட்டார். அந்த மேலாளரும் தன் தாயாருக்கு இங்கேதான் வீடு எடுத்திருப்பதாகச் சொன்னார். அன்று மாலையே பணத்தை அனுப்பினேன். 8 லட்சம்.

பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் போனபோது, மாதிரி வீட்டின் பின்னால் மூங்கில் தட்டிக்கு அந்தப்புறம் சாதாரணக் குளிர்விப்பு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. குழாய் சில்லிட்டது அதனால்தான். அவர்கள் கையேட்டில் காட்டிய கனடாவின் டொரான்டோவில் கட்டடங்களைக் குளிர்விக்க 2004 முதல் ஒன்டாரியோ ஏரியின் 83 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 4 டிகிரி நீரை எடுக்கிறார்கள். படகு விடும் முட்டுக்காட்டில் அந்த ஆழமும் இல்லை, அந்தக் குளிரும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் வெப்பத்தைக் கொட்டலாம். அதற்கும் கம்ப்ரசர் ஓட வேண்டும், மின்சாரம் செலவாகும்.

விற்பனைப் பிரிவில் கேட்டால், "பொறியாளர் விளக்குவார்." பொறியாளர், "அது விற்பனைப் பிரிவு சொன்னது." மேலாளர் தொலைபேசியையே எடுப்பதில்லை. கடைசியாக ஒரு பெண் பேசினார்: ரத்து செய்தால் "நிர்வாகக் கட்டணம்" போக மீதி, அதுவும் வேறு ஆள் அந்த வீட்டை வாங்கினால்தானாம். 72 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒப்பந்தம் பதியாமலே 8 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பதியும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. திட்டத்தின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் நீங்களே தேடுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நீரோரம் கட்டுவதற்கான கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியைக் கேளுங்கள். குளிர்விப்புக் கருவியின் விவரம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காதீர்கள். வக்கீல் அழைக்கிறார், மீதி பிறகு.