லண்டனில் இசை நாடகம்: டிக்கெட்டை யாரிடம் வாங்குவது?

மகனோ மகளோ லண்டனில் வேலை பார்க்கும் வீடுகள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இப்போது தெருவுக்கு ஒன்றாவது இருக்கின்றன. கோடையில் தாத்தா பாட்டி அங்கே போய் இறங்கியதும் பேரப்பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் லயன் கிங். லைசியம் அரங்கில் 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் அது. திருவையாற்று ஆராதனைக்கும் மெலட்டூர் பாகவத மேளாவுக்கும் காசு கொடுக்காமல் போய் உட்கார்ந்து பழகிய நமக்கு, ஒரே அரங்கின் ஒரே வரிசை நாலு இடத்தில் நாலு விலைக்கு விற்கப்படுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

முதல் வழி, அரங்கின் சொந்த இணையதளம் அல்லது கவுன்டர். தேடுபொறியில் நாடகத்தின் பெயரைப் போட்டால் மேலே வந்து நிற்பது பல நேரம் விளம்பரம் கொடுத்த வேறு விற்பனையாளர்தான்; அரங்கின் பக்கம் அதற்குக் கீழே இருக்கும். அங்கேயும் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. சனிக்கிழமை மாலைக்கும் புதன்கிழமை மதியத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் எந்த வரிசை, எந்த எண், தூண் மறைக்குமா என்பதெல்லாம் வாங்கும்போதே தெரிந்துவிடும். காட்சி ரத்தானால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். பெரியவர்களுக்காக வாங்குவதென்றால் நான் வேறு இடத்துக்குப் போகவே மாட்டேன்.

முகவர்களில் ஸ்டார் என்ற சங்கத்தின் முத்திரை உள்ளவர்களை நம்பலாம். 1997இல் தொடங்கிய சங்கம். உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. அரங்கின் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் சேரும் என்பதால், சலுகை இருந்தால் மட்டுமே இவர்களிடம் போவதில் அர்த்தம் உண்டு.

சலுகைக்குப் பெயர் பெற்றது லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் டிகேடிஎஸ் கவுன்டர். லண்டன் அரங்க உரிமையாளர்களின் சங்கமே 1980 முதல் நடத்துவது. அன்றைக்கு விற்காமல் மிஞ்சியவையும் அடுத்த சில நாட்களுக்கானவையும் குறைந்த விலையில் கிடைக்கும். அதே சதுக்கத்தைச் சுற்றி 'பாதி விலை' என்று பலகை மாட்டிய வேறு கடைகளும் உண்டு. கடிகாரக் கோபுரம் உள்ள தனிக் கட்டடத்தைத் தேடிப் போக வேண்டும். ஒரு குறை: கூட்டம் குறையாத நாடகங்கள் தள்ளுபடிக்கு வருவது அரிது. லயன் கிங்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு இங்கே போய் நிற்காதீர்கள். எதையாவது நல்லதாகப் பார்த்தால் போதும் என்பவருக்கான இடம் இது.

டிக்கெட் விற்கும் டுடேடிக்ஸ் செயலியில் 'ரஷ்' என்று ஒரு முறை இருக்கிறது. பல நாடகங்களின் அன்றைய டிக்கெட்டுகள் குறைந்த விலையில் லண்டன் நேரம் காலை பத்து மணிக்குத் திறக்கும். பிரபலமானவை நிமிடங்களில் தீரும். லண்டன் மகன் அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். கோடையில் அது நமக்கு மதியம் இரண்டரை மணி. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் கும்பகோணத்துச் சித்தப்பா முயன்று பார்க்கலாம்! குலுக்கல் இன்னும் மலிவு. ஹாமில்டன் நாடகத்துக்கு பத்து பவுண்டுக்கே இருக்கை விழும். விழுந்தால்தான். இரண்டு முறையிலும் நான்கு பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. தனியாளுக்கும் இளம் தம்பதிக்கும் இவை போதும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இவை எல்லாவற்றையும் விட மேலானது கிட்ஸ் வீக். நம்மவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். வாரம் என்று பெயர் இருந்தாலும் கோடை விடுமுறையில் பல வாரங்கள் நடப்பது. இதையும் அதே அரங்கச் சங்கம்தான் நடத்துகிறது. முழுக் கட்டணம் கொடுக்கும் ஒவ்வொரு பெரியவரோடும் 17 வயது வரையிலான ஒரு பிள்ளைக்கு இலவசம். கூடுதலாக இரண்டு பிள்ளைகளுக்குப் பாதி விலை. தாத்தா, பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள் என்றால் நான்கு இருக்கைக்கு இரண்டு டிக்கெட் காசு. விற்பனை முன்கூட்டியே, கோடைத் தொடக்கத்தில் திறந்துவிடும். எல்லா நாடகங்களும் எல்லாக் காட்சிகளும் இதில் சேராது. ஆகவே விமான டிக்கெட் போடும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும்.

இனி, ஒதுங்க வேண்டிய வழி. மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட்டின் அசல் விலையையும் வரிசை, இருக்கை எண்ணையும் காட்ட வேண்டும் என்று பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. காட்டினாலும், அதற்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பதை அது தடுக்கவில்லை. இதைவிட எனக்கு அச்சம் தருவது 'நம்ம ஊர்க்காரர்' குழுவில் வரும் வாட்ஸ்அப் செய்தி. "குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, நாலு டிக்கெட் இருக்கிறது, வாங்கிய விலைக்கே தருகிறேன்." திருவாரூர்க்காரர் என்றதும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கைப்பேசியில் வரும் டிக்கெட்டின் படத்தை ஒரே ஆள் பத்துப் பேருக்கு அனுப்பலாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆவது மட்டும் உள்ளே போகும். சொன்னவர் உண்மையானவராக இருந்தாலும் சிக்கல் வரலாம். ஹாமில்டன் 2017இல் லண்டனுக்கு வந்தபோது, பிளாக்கில் விற்பதைத் தடுக்க, டிக்கெட் வாங்கிய வங்கி அட்டையையே வாசலில் காட்டச் சொன்னார்கள். பெயர் மாற்ற முடியுமா என்று அரங்கில் விசாரிக்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

மலிவு என்றதும் மேல் மாடியைப் பார்ப்பவர்கள் முழங்காலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பழைய அரங்குகள் பலவற்றில் பால்கனிக்கு லிஃப்ட் கிடையாது. படிகள் செங்குத்தானவை, கால் நீட்ட இடம் இராது. ஸ்டால்ஸ் எனப்படும் கீழ்த்தளம்கூடச் சில இடங்களில் தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கித்தான் வரும். அரங்கில் கேட்டால் படி குறைந்த இருக்கையைச் சொல்வார்கள். சக்கர நாற்காலிக்காரருக்கும் உடன் வருபவருக்கும் பல அரங்குகளில் சலுகைக் கட்டணம் உண்டு. அதை எந்த மறுவிற்பனைக்காரரும் சொல்ல மாட்டார். கைக்குழந்தையை மடியில் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பல நாடகங்களில் மூன்று வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை.

பணம் கட்டும்போது இன்னொரு செலவு: நம் ஊர் அட்டைக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமாக வங்கியைப் பொறுத்து மூன்றரை சதவீதம் வரை பிடிப்பார்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே திறந்து வைக்காவிட்டால் பணம் கட்டவே முடியாது. ஓடிபி இங்கே பூட்டிய வீட்டில் கிடக்கும் கைப்பேசிக்கு வந்து சேரும். மகனின் அட்டையில் வாங்கச் சொல்லிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் பணத்தை அவர் வாங்கிக்கொள்வாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.