பைபாஸா, பலூனா?

1967ல கிளீவ்லேண்ட் கிளினிக்ல ரெனே ஃபவலோரோன்னு ஒரு அர்ஜென்டினா டாக்டர், கால்ல இருந்து ரத்தக்குழாய எடுத்து இதயத்துல அடைப்ப தாண்டி ஒட்டவச்சு பைபாஸ் பண்ணாரு. நல்லா வேலை செஞ்சுது, ஆனா நெஞ்செலும்ப பிளக்கணும், பழையபடி நடமாட ரெண்டு மூணு மாசம் ஆயிடும்.

பலூன் கதை வேற மாதிரி. ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் தன் வீட்டு கிச்சன் டேபிள்லயே பலூன் வச்ச டியூப செஞ்சு பாத்து (இப்பல்லாம் யாராவது விடுவாங்களா!), 1977 செப்டம்பர்ல சூரிச்ல ஒரு 38 வயசு ஆளுக்கு தொடை வழியா விட்டு அடைப்ப விரிச்சாரு, நெஞ்ச தொடவே இல்ல, ஆளும் முழிச்சுட்டே இருந்தாரு.

ஆனா வெறும் பலூன்ல ஒரு சிக்கல், ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு ஆறு மாசத்துக்குள்ள அதே இடம் திரும்ப சுருங்கிடும். அதுக்குத்தான் 1986ல ஸ்டென்ட் (குழாய் சுருங்காம உள்ள வைக்கிற சின்ன கம்பிவலை) வந்துச்சு, அப்புறம் மருந்து தடவுன ஸ்டென்ட். ஹார்ட் அட்டாக் வந்து உடனே திறக்கணும்னா ஸ்டென்ட்தான், யோசிக்கவே வேணாம். ஆனா சுகர் இருந்து இதயத்தோட மூணு முக்கிய ரத்தக்குழாயிலயும் அடைப்புன்னா என் ஓட்டு பைபாஸுக்குத்தான், சுகரோட ஒண்ணுக்கு மேல குழாய்ல அடைப்பு இருந்தவங்கள்ல பைபாஸையும் ஸ்டென்டையும் ஒப்பிட்டு 2012ல வந்த ஃப்ரீடம் ஆய்வுலயும் பைபாஸ் பண்ணவங்களுக்குத்தான் சாவும் அட்டாக்கும் கம்மி, பக்கவாதம் மட்டும் கொஞ்சம் கூட.