கெக்கில் கேஸ் ஏற்றுவது: குலுக்குவதா, காத்திருப்பதா?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பாட்டிலை விட்டுவிட்டு கெக்குக்கு, அதாவது பீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கிற எஃகுக் கலத்துக்கு, மாறுவது பாட்டில் கழுவுகிற கொடுமையிலிருந்து தப்பிக்கத்தான். ஐம்பது பாட்டில் கழுவிய இடத்தில் ஐந்து கேலன் கார்னி கெக் ஒன்றைக் கழுவினால் போதும். ஆனால் பீர் உள்ளே போனதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: கரியமில வாயுவை எப்படி ஏற்றுவது? நான் டென்வர் பக்கம் இருக்கிறேன். மூன்று வழிகளிலும் ஏற்றிப் பார்த்துவிட்டு இப்போது ஒன்றில் நிலைத்துவிட்டேன்.

முதல் வழி, குலுக்கல். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை 30 பிஎஸ்ஐ-யில் (பிஎஸ்ஐ அழுத்தத்தின் அளவு) வைத்து, கெக்கை மடியில் கிடத்தி முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். கால் மணி நேரத்தில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும் என்பார்கள். வரும்தான். இரண்டாவது வழி, குளிர்ந்த பீரை 30-லேயே ஒன்று, ஒன்றரை நாள் விட்டுவிட்டு, பிறகு பரிமாறும் அழுத்தத்துக்கு இறக்குவது. மூன்றாவது, முதல் நாளே பரிமாறும் அழுத்தத்தில் வைத்து ஃபிரிட்ஜைச் சாத்திவிட்டு இரண்டு வாரம் மறந்துவிடுவது. என் ஓட்டு இந்த மூன்றாவதுக்கு.

வேகத்தில் எது முந்தும் என்பதைச் சொல்லவே வேண்டாம். என்னை மாற்றியது வேறு விஷயம்: தப்பு நடந்தால் எதைத் திருத்த முடியும்? குழம்பில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடிப்போனால்? கேஸும் அப்படித்தான்.

ஒரு தீபாவளிக்கு நண்பர்கள் வருகிறார்கள் என்று முந்தின ராத்திரி பேல் ஏல் என்கிற பீர் வகை ஒன்றைக் குலுக்கினேன். கெக்குக்குள் கேஸ் 'களக் களக்' என்று இறங்குகிற சத்தம் கேட்கக் கேட்க ஆசை தாங்கவில்லை. "குழந்தையைத் தூங்க வைக்கிறீங்களா?" என்று மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உருட்டிவிட்டு, 30-ஐக் குறைக்காமலேயே தூங்கப் போய்விட்டேன். மறுநாள் டேப்பைத் திறந்தால் டம்ளர் முழுக்க வெள்ளை நுரை, அடியில் இரண்டு விரல் பீர். குடித்தால் ஹாப் வாசனை (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் சுருக்கென்று சோடா கடிதான்.

இதை ஏன் சுலபமாக இறக்க முடியாது? ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது 2.5 வால்யூம், அமெரிக்க ஏல் வகைகளுக்கு அதுதான் அளவு. 30-லேயே குளிரில் விட்டுவைத்தால் நாலு வால்யூமை நெருங்கும் வரை பீர் வாயுவைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூடியில் இருக்கும் ரிலீஃப் வால்வை இழுத்தால் வெளியே போவது பீருக்கு மேலே நிற்கிற சொற்ப வாயு மட்டும். பீரில் கரைந்தது மெல்ல மேலே வர மணிக்கணக்காகும். கேஸ் குழாயைக் கழற்றிவிட்டு, காலையும் மாலையும் வால்வை இழுத்து இழுத்து அந்தக் கெக் சரியாக நாலு நாள் ஆனது. குலுக்கி மிச்சப்படுத்திய நேரம் அங்கே போயிற்று.

காத்திருக்கும் முறையில் இந்த அபாயமே கிடையாது. 38 டிகிரி ஃபாரன்ஹீட், 12 பிஎஸ்ஐ என்றால், குளிரையும் அழுத்தத்தையும் வைத்து வால்யூம் சொல்கிற அட்டவணைப்படி ஏறக்குறைய இரண்டரை வால்யூம். அதை எட்டியதும் தானாக நின்றுவிடும்; மூன்று வாரம் விட்டாலும் கூடாது. ஒரு திருத்தம் மட்டும்: அட்டவணைகள் கடல் மட்டத்துக்குப் போட்டவை. ரெகுலேட்டர் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை. டென்வரின் 5,280 அடி உயரத்தில் வெளிக்காற்றே இரண்டரை பிஎஸ்ஐ குறைவு. அதனால் அட்டவணையின் 12-க்கு நான் 14.5 வைக்கிறேன். இது தெரியாமல் முதல் இரண்டு கெக்கும் சப்பென்று இருந்தன.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் சிலிண்டர் திறந்தே இருக்கும். எங்காவது கசிந்தால் மொத்தமும் காலி. பழைய கெக் மூடிகள் குறைந்த அழுத்தத்தில் சரியாக உட்காராது. முதலில் 30 கொடுத்து மூடியை உட்கார வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வராததைப் பார்த்த பிறகே குறைக்கிறேன். சிலிண்டர் பக்கத்து முள்ளை நம்பாதீர்கள். உள்ளே வாயு திரவமாக இருக்கும்வரை அது ஒரே இடத்தில் நிற்கும், தீரப்போகும்போது சட்டென்று விழும். சமையல் கேஸுக்குச் செய்வதுபோல் தூக்கிப் பாருங்கள். இல்லையென்றால் தராசில் நிறுத்தி, சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழியுங்கள்.

ஒன்றரை நாள் முறை மோசமில்லை, அவசரத்துக்கு இன்றும் அதுதான் கை கொடுக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஏற்கெனவே குளிர்ந்த பீருக்கு. அறைச் சூட்டில் இருந்த கெக் முழுசாகக் குளிரவே ஒரு நாள் பிடிக்கும். அதற்குள் எவ்வளவு ஏறியிருக்கும் என்பது ஊகம்தான். ருசி பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சிலிண்டர் இல்லாமல், கெக்கிலேயே சர்க்கரை போட்டு ஈஸ்ட்டை வைத்தே வாயு உண்டாக்குவதையும் ஒரே ஒரு தடவை செய்தேன். பாட்டிலுக்குப் போடுவதில் பாதிதான் போட்டேன், நன்றாகவே வந்தது. முதல் இரண்டு டம்ளர் ஈஸ்ட் வண்டலாகப் போயிற்று. ஒரு கெக்கை வைத்து அதற்குமேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

எந்த முறையானாலும், நுரை பொங்கினால் உடனே கேஸ் மேல் பழி போடாதீர்கள். டேப்புக்குப் போகிற குழாய் நாலு அடிதான் என்றால் சரியான பீரும் நுரைக்கும். 3/16 அங்குல உள்விட்டத்தில் பத்தடி குழாய் மாட்டிய பிறகுதான் என் டேப் அடங்கியது.

இப்போது உள்ளே இருப்பது ஒரு பிரவுன் ஏல், ஒன்பதாம் நாள். நேற்று ஒரு வாய் ஊற்றிப் பார்த்தேன். குமிழ் இன்னும் பெரிசு பெரிசாகத்தான் இருக்கிறது.