மேடன் என்எஃப்எல் 24: பிரான்சைஸ் பகுதியில் வீரர் பேரங்கள்

கிரிக்கெட்டும் றக்பியும் கோலோச்சும் கொழும்பில் அமெரிக்க உதைபந்தாட்டத்தைத் தேடி விளையாடுவோர் மிகச் சிலரே. அந்தச் சிலருக்காக, மேடன் என்எஃப்எல் 24 என்ற அமெரிக்க உதைபந்தாட்டக் காணொளி விளையாட்டின் பிரான்சைஸ் பகுதியில் (ஓர் அணியைப் பல பருவங்களுக்கு நாமே நிர்வகிக்கும் பகுதி) வீரர் பரிமாற்றம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை மட்டும் இங்கு மதிப்பிடுகிறேன். ஒரு பேரத்தில் ஒவ்வோர் அணியும் ஆறு வீரர்களை அல்லது டிராஃப்ட் தெரிவுரிமைகளை (புதிய வீரர்களை முறைப்படி தெரிவுசெய்யும் உரிமைகளை) முன்வைக்கலாம் என விரிவாக்கியிருப்பது இப்பதிப்பின் பெரும் சிறப்பு. நிஜத்தில், 2022 இல் டைரீக் ஹில் என்ற வீரரைப் பெறுவதற்காக மயாமி டொல்பின்ஸ் அணி, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு ஐந்து தெரிவுரிமைகளைக் கொடுத்தது. ஒவ்வோர் அணிக்கும் மூன்று இடங்களே இருந்த முந்தைய பதிப்பில் அந்தப் பேரத்தை அவ்வாறே அமைக்க வழியில்லை.

ஆயினும் கணினி சம்மதிப்பதெல்லாம் நியாயமான பேரமாகிவிடாது. உண்மையான முகாமையாளர் முதலில் பார்ப்பது, ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகையான சம்பள உச்சவரம்பை. 2023 இல் அது ஓர் அணிக்கு 224.8 மில்லியன் டொலர். ஒப்பந்தக் கையொப்பத்தின்போது கொடுத்த பணத்தில் அந்த உச்சவரம்புக் கணக்கில் இன்னும் ஏறாத பங்கு, வீரரை அனுப்பிவிடும் அணியின் தலையிலேயே விழும் என்பதால், பெருஞ்சம்பளக் குவாட்டர்பேக்கை (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் வீரரை) நினைத்தவுடன் கைமாற்ற இயலாது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் நட்சத்திரங்களைக் குவிப்பவர்களுக்கு இரண்டாம் பருவத்திலேயே ஆட்டம் சலித்துவிடும் (எதிரணியே இல்லாமல் யாரை வெல்வது?). எனவே மூத்த வீரர் ஒருவர் தேவைப்பட்டால், தோற்றுக்கொண்டிருக்கும் அணியிடமே கேட்பேன். எனது வீரர் ஆடும் அதே ஆட்ட நிலையில் சிறந்த இளைஞரை ஏற்கெனவே வைத்திருக்கும் அணிக்கு அவரைத் திணிக்க மாட்டேன். வெள்ளவத்தை நண்பர்களோடு இணையவழி ஆடுகையில், பேரத்தில் சம்பந்தப்படாத ஒருவர் அனுமதித்த பின்னரே அது நிறைவேறும் என்பது எங்கள் ஏற்பாடு.