ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு சிவிக்: ரெடிங்கிலும் கொலம்பஸிலும் ஓட்டிய அனுபவம்

2022 மே மாதம் இங்கிலாந்தின் ரெடிங்கில் வீட்டைக் காலி செய்தபோது விற்க மனமே வராத ஒரு பொருள் என் ஹோண்டா சிவிக். கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று விசாரித்தேன். நடைமுறையில் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி தயாராகாத ஒரு கார் 25 வயதைத் தாண்டினால்தான் தடையில்லாமல் அங்கே நுழையும். என் வண்டி 2017-இல் வந்தது. 2042 வரை காத்திருக்க வேண்டும்.

அதே மாடல் சிவிக் ஹேட்ச்பேக் அமெரிக்காவிலும் விற்பனையில் இருந்தது. அதுவும் என் வண்டி தயாரான அதே ஸ்விண்டன் தொழிற்சாலையிலிருந்து போனதுதான். பத்தாம் தலைமுறை ஹேட்ச்பேக்கை ஹோண்டா அங்கே தயாரித்துத்தான் இரண்டு நாட்டுக்கும் அனுப்பியது. ரெடிங்கிலிருந்து எம்4 சாலையில் 40 மைல் போனால் ஸ்விண்டன். 2019 பிப்ரவரியில் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது சுமார் 3,500 பேரின் வேலை போகும் என்றார்கள். 2021 ஜூலையில் மூடியும் விட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று வாசலில் நின்ற வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது நினைவிருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் வந்து இரண்டு மாதத்தில், 31,000 மைல் ஓடிய 2018 மாடல் சிவிக் ஹேட்ச்பேக் எல்எக்ஸ் (அடிப்படை மாடல்) வாங்கினேன். வண்டியின் அடையாள எண்ணான வின் எண் எஸ்எச்எச் என்று தொடங்குவதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். முதல் எழுத்து எஸ் என்றால் பிரிட்டனில் தயாரானது. ரெடிங் வண்டியின் எண்ணும் அப்படித்தான் தொடங்கும். அங்கே 43,000 மைல், இங்கே இதுவரை 37,000 மைல். ஸ்டீயரிங் பக்கம் மாறியது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. மற்ற வித்தியாசங்கள் புரிய வருடங்கள் ஆயின.

முதலில் என்ஜின். ரெடிங் வண்டியில் இருந்தது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ, 129 பிஎஸ் (மெட்ரிக் குதிரைசக்தி), ஆறு கியர் மேனுவல். கொலம்பஸ் வண்டியில் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ, 174 குதிரைசக்தி, சிவிடி என்ற படிகளில்லாத ஆட்டோமேட்டிக் கியர். அமெரிக்காவில் சாதாரண ஹேட்ச்பேக்குக்கு 1.5-ஐ விடச் சின்ன என்ஜினே கிடையாது. பிரிட்டனில் 2018-இல் 1.6 டீசலும் வந்தது. அமெரிக்கா அதைப் பார்க்கவே இல்லை. பிரிட்டனில் கார் வரி, குறிப்பாகக் கம்பெனி கார் வரி, வண்டி வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தது. பெட்ரோலும் விலை அதிகம். அதனால் சின்ன என்ஜினுக்கு அங்கே நல்ல மவுசு. இங்கே அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. நெடுஞ்சாலைக்குள் வேகமெடுத்து நுழைய 1.5 எவ்வளவு வசதி என்பது ஐ-270 வளையச் சாலையில் தினமும் தெரிகிறது. ஆனாலும் அந்த மூன்று சிலிண்டரின் லேசான உறுமலும் கையில் பொருந்தும் கியரும் தந்த சந்தோஷத்தை சிவிடி தரவில்லை.

மைலேஜ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே எனக்குச் சராசரியாக கேலனுக்கு 44 மைல் கிடைத்தது, இங்கே 34. பத்து மைல் போய்விட்டதே என்று தோன்றும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். லிட்டரில் கணக்குப் போட்டால் 100 கிலோமீட்டருக்கு அங்கே 6.4 லிட்டர், இங்கே 6.9. அவ்வளவுதான் வித்தியாசம். என்ஜின் ஒன்றரை மடங்கு பெரிது என்பதை நினைத்தால் இது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணும் இப்படித்தான் குழப்பும். ரெடிங்கில் 95 என்று எழுதியிருந்த பெட்ரோல் போட்டுப் பழகியவனுக்கு இங்கே 87 என்று பார்த்ததும் கலப்படம் மாதிரி தோன்றியது. அங்கே எழுதுவது ஆர்ஓஎன் என்ற ஒரே சோதனையின் எண். இங்கே எழுதுவது இரண்டு சோதனைகளின் சராசரி. இந்த 87 அங்கே ஏறக்குறைய 91, 92 என்று வரும். கொஞ்சம் குறைவுதான், ஆனால் எல்எக்ஸுக்கு அதுவே போதும் என்று கையேட்டில் இருக்கிறது.

டிக்கியின் கதையும் இதே. பிரிட்டனில் 478 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். இங்கே 25.7 கன அடி, அதாவது சுமார் 728 லிட்டர். வண்டியின் பின்பக்கம் அப்படி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. அளக்கும் முறை வேறு. என் இரண்டு பெரிய பெட்டிகளும் குழந்தையின் மடக்கு வண்டியும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் அடங்கின.

நான் அதிகம் கவலைப்பட்ட வித்தியாசம் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி. பிரிட்டனில் இரண்டு பக்கக் கண்ணாடியும் வளைந்தவை. உருவம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், ஆனால் பக்கத்துத் தடம் முழுவதும் கண்ணில் படும். அமெரிக்க விதி ஓட்டுநர் பக்கத்தில் தட்டையான கண்ணாடிதான் இருக்க வேண்டும் என்கிறது. உருவம் உள்ள அளவிலேயே தெரிய வேண்டுமாம். பயணி பக்கத்தில் வளைந்த கண்ணாடி வைக்கலாம், அதில் ‘கண்ணாடியில் தெரிபவை தோன்றுவதைவிட அருகில் உள்ளன’ என்ற எச்சரிக்கையைப் பொறிக்க வேண்டும். வந்த முதல் மாதம் ஐ-71 நெடுஞ்சாலையில் இடது தடத்துக்கு மாறப் பார்த்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பிய நொடியில் என் தோளுக்கு நேராக ஒரு பிக்கப் டிரக். கை நடுங்கிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார்வேயில் வலது பக்கம்தான் முந்துவார்கள், இடது பக்கம் முந்துவது தவறு என்று எல்லோருக்கும் ஊறிப்போயிருக்கிறது. இங்கே இரண்டு பக்கமும் முந்துகிறார்கள். கண்ணாடி அதிகம் காட்ட வேண்டிய ஊரில் குறைவாகக் காட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து. சில டாலருக்குக் கிடைக்கும் சின்ன வட்ட வளைவுக் கண்ணாடியை ஓரத்தில் ஒட்டினேன். அங்கிருந்து இங்கே வருபவர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

விளக்குகளிலும் இரண்டு நாட்டு விதிகள் தெரியும். ரெடிங் வண்டியின் பின்னால் பனிமூட்டத்துக்கென்று தனியாக ஒரு பளிச்சென்ற சிவப்பு விளக்கு இருந்தது. அங்கே அது கட்டாயம். இங்கே கட்டாயம் இல்லை, என் வண்டியில் அது இல்லவே இல்லை. ஹெட்லைட்டின் உயரத்தைச் சரிசெய்யும் சின்னச் சக்கரமும் இல்லை. டிக்கியில் பாரம் ஏற்றினால் அங்கே ஒரு படி இறக்கிவிடுவேன், இங்கே எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஒளி சாயும் பக்கமும் மாறும்: அங்கே இடது ஓரத்தைக் காட்ட இடப்பக்கம் தூக்கும், இங்கே வலப்பக்கம். அமெரிக்க வண்டியில் கூடுதலாக இருப்பது பம்பர் ஓரங்களின் பக்க அடையாளங்கள், முன்னே மஞ்சள், பின்னே சிவப்பு. இருட்டுக் குறுக்குச் சாலையில் பக்கவாட்டிலிருந்து வருபவருக்கு இவை நன்றாகத் தெரிகின்றன. பிரிட்டனிலும் இது வேண்டும் என்பேன்.

அடுத்தது, அடிப்படை மாடலில் என்ன தருகிறார்கள் என்பது. ரெடிங் வண்டி எஸ்இ, கீழ்நிலை மாடல்தான். ஆனாலும் தானாக பிரேக் பிடிக்கும் வசதி, முன்னால் போகும் காரைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ், தடம் விலகினால் எச்சரிப்பது எல்லாம் இருந்தன. பின்பக்கக் கேமரா இல்லை. கொலம்பஸ் எல்எக்ஸில் கேமரா இருக்கிறது, தானியங்கி பிரேக் இல்லை. காரணம் தேடினால் புரிகிறது. ஐரோப்பாவில் யூரோ என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் நட்சத்திரம் வாங்கத் தானியங்கி பிரேக்குக்கு மதிப்பெண் உண்டு. இந்த சிவிக்கே 2017-இல் முதலில் நான்கு நட்சத்திரம் வாங்கி, திருத்தம் செய்த பிறகு மறு சோதனையில்தான் ஐந்து வாங்கியது. அமெரிக்காவின் அரசு நட்சத்திரக் கணக்கில் அப்போது அந்த பிரேக்குக்கு இடம் இல்லை. ஆனால் 2018 மே முதல் புதுக் காருக்குக் கேமரா கட்டாயம். 2019 மாடலில் இருந்து இங்கேயும் சாதாரண சிவிக் எல்லாவற்றிலும் தானியங்கி பிரேக் வந்துவிட்டது. பழைய வண்டி தேடுபவர்கள் அந்த ஒரு வருடத்தைத் தாண்டி வாங்குங்கள். நான் அதைச் செய்யாததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

குழந்தை இருக்கையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. ரெடிங்கில் நல்ல விலை கொடுத்து வாங்கிய, காரின் கம்பிகளில் நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வகைக் குழந்தை இருக்கையைக் கப்பலில் அனுப்பினோம். இங்கே வந்து பார்த்தால் அமெரிக்க விதிப்படியான முத்திரை அதில் இல்லை, ஆகவே சட்டப்படி பயன்படுத்த முடியாது. காரில் உள்ள கொக்கிக் கம்பிகள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அங்கே இருக்கையிலிருந்து உறுதியான இரும்புக் கைகள் வந்து ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். இங்கே வாங்கிய புதிய இருக்கையில் பட்டையை மாட்டி, முழங்காலை ஊன்றி இழுத்து இறுக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே ஒரு கிளிப் வேறு. என் மனைவி இதை ஒழுங்காக மாட்டக் கற்றுக்கொள்ள ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவிட்டார். பொருத்துவதில் அங்கத்திய முறையே எளிது, தவறு செய்யவும் வாய்ப்புக் குறைவு.

ஏர்பேக்கிலும் இதே வகை வேறுபாடு. பிரிட்டிஷ் வண்டியில் முன்பயணி ஏர்பேக்கைச் சாவி போட்டு அணைக்கும் சுவிட்ச் டேஷ்போர்டின் பக்கத்தில் இருந்தது. இங்கே இருக்கையில் எடை உணர்கருவி, எடை குறைவாக இருந்தால் அதுவே அணைத்துவிடும். நாமாக அணைக்க முடியாது. இந்தியக் கடையில் வாங்கிய அரிசி மூட்டையை முன்னிருக்கையில் வைத்தால் ‘ஏர்பேக் ஆஃப்’ விளக்கு எரியும். சீட் பெல்ட் போடாதவரையும் ஏர்பேக் காப்பாற்ற வேண்டும் என்று அமெரிக்க விதி நினைக்கிறது. பிரிட்டனில் 1983 முதல் முன்னிருக்கையில் பெல்ட் கட்டாயம். இங்கே நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்கு இன்றும் அப்படி ஒரு சட்டம் இல்லை.

பராமரிப்பில் நான் மிகவும் இழந்தது எம்ஓடி என்ற வருடாந்திரச் சோதனை. பிரிட்டனில் மூன்று வயதான கார் ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போக வேண்டும், காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. டயர், பிரேக், துரு, புகை எல்லாம் பார்ப்பார்கள். எந்தக் காரின் பழைய எம்ஓடி விவரத்தையும் பதிவு எண் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒஹாயோவில் அப்படிப்பட்ட வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை இல்லை. கிளீவ்லாந்து, ஏக்ரன் பகுதி மாவட்டங்களில் மட்டும் புகைச் சோதனை உண்டு, கொலம்பஸுக்கு அதுவும் இல்லை. வண்டி வாங்கிய மூன்றாவது மாதம், பின் பிரேக் தேய்ந்து தகடு தெரிவதை டயர் மாற்றப் போன இடத்தில்தான் சொன்னார்கள். விற்றவர் சொல்லவில்லை, கேட்கும் சட்டமும் இல்லை. அதன் பிறகு வருடம் ஒருமுறை, நவம்பரில் குளிர்கால டயர் மாட்டும் நாளில், எம்ஓடியில் பார்ப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். மெக்கானிக் இப்போது தாளைக் கேட்டே வாங்கிக்கொள்கிறார். போன முறை அடிப்பகுதியில் சாலை உப்பால் துரு தொடங்கியிருப்பதைக் காட்டினார். கழுவி, மெழுகுப் பூச்சு அடித்தாயிற்று.