வேலைநீக்கத்தோடு இலவசமாக வந்த மூன்று மாதச் சேவை: ஒரு பயனாளரின் மதிப்பீடு

சோழிங்கநல்லூரில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்த மென்பொருள் நிறுவனம் 2024இல் என்னை விடுவித்தபோது, இரண்டு மாதச் சம்பளத்துக்கான கணக்குத் தாளையும், மடிக்கணினியைத் திருப்பி அனுப்புவதற்கான அட்டைப்பெட்டியையும், வேலை தேட உதவும் ஆலோசனைச் சேவை ஒன்றில் மூன்று மாத உறுப்பினர் கணக்கையும் தந்தது. இவற்றில் கடைசியாகச் சொன்ன சேவையை மனிதவளத் துறையினர் 'கேரியர் ட்ரான்சிஷன் சப்போர்ட்' என்று அழைப்பார்கள். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது அதைத்தான். சேவை நிறுவனத்தின் பெயரைச் சொல்வதாக இல்லை. வேறு இடங்களில் வேலையிழந்த நண்பர்கள் இருவருக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே சரக்குதான்.

முதல் வகுப்பு ஒரு பதிவுசெய்யப்பட்ட காணொளி. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்ததை ஒரே படத்தில் காட்டி, இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று அதில் ஆறுதல் சொல்கிறார்கள். அதே கூகுள் தன் அமெரிக்க ஊழியர்களுக்கு 16 வாரச் சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதலாக இரண்டு வாரச் சம்பளமும் தருவதாக அப்போது அறிவித்தது மட்டும் அந்தப் படத்தில் இல்லை.

சுயவிவரத்தைத் திருத்தித் தரும் மென்பொருள் பயனுள்ளது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை அது இரண்டாகச் சுருக்கியது. வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களில் எவை என் பக்கங்களில் இல்லை என்று சுட்டிக்காட்டியது. அந்தச் சொற்களை ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் அது சுயவிவரத்துக்குத் தரும் மதிப்பெண் ஏறியது. 58இல் தொடங்கி 91 வரை ஏற்றினேன். அழைப்புகளின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. இருந்தாலும், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்துவிட்டு முதன்முறையாக வெளியே வருபவருக்கு இந்தப் பகுதி நிச்சயம் உதவும்.

ஆலோசகருடனான உரையாடல்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்; மரியாதையானவர், குறித்த நேரத்துக்குத் தவறாமல் வருபவர். இரண்டாவது அமர்வில் என் சுயவிவரத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, "சார், பி.இ. முடிச்ச வருஷம் 2007ன்னு இருக்கே, அதை எடுத்துடலாமா?" என்றார். ஏன் என்று கேட்டேன். "வயசைக் கணக்குப் போடுவாங்க சார்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கல்லூரி வளாகத் தேர்வில் வேலை கிடைத்த அந்த ஆண்டைத்தான் எங்கள் தெருவில் அம்மா வீடுவீடாக லட்டுக் கொடுத்துக் கொண்டாடினார். அதை அழிக்கச் சொல்கிறவர் என் நன்மைக்காகவே சொல்கிறார் என்பதும், அழித்தால்தான் அடுத்த கதவு திறக்கும் என்பதும் புரிந்தபோது, இந்தத் துறையின் மேல் எனக்கு எஞ்சியிருந்த மயக்கமும் தெளிந்தது. அழித்துவிட்டேன். அடுத்ததாக, நாக்ரி என்ற வேலைதேடல் தளத்தில் உள்ள என் கணக்கில் 'உடனடியாகச் சேரக் கூடியவர்' என்று குறிக்கச் சொன்னார். நாமாக விலகினால் 90 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் துறை, ஒரே நாளில் வெளியேற்றப்பட்டவனுக்கு அதையே ஒரு தகுதியாக்கித் தருகிறது.

சேவையின் பெருங்குறை, அது சொல்லாமல் விட்டவற்றில் இருக்கிறது. ஐந்தாண்டு பணி நிறைந்தவருக்கு, வேலையை விட்டு வெளியேறும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அப்போது நடப்பிலிருந்த சட்டப்படி, மாத அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். அடிப்படை 60,000 ரூபாய், பணி 11 ஆண்டு என்றால் ஏறத்தாழ 3.8 லட்சம் வரும். கணக்குத் தாளில் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு வரிகூட எந்த வகுப்பிலும் இல்லை. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதையும், முன்கூட்டியே விண்ணப்பித்தால் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழியுண்டு என்பதையும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். வயதான பெற்றோரை அந்தக் காப்பீட்டில் சேர்த்திருப்பவருக்கு, சுயவிவர மதிப்பெண்ணைவிட இது எத்தனையோ மடங்கு அவசரமான செய்தி.

சட்டத்தைப் பற்றிக் கேட்டபோது ஆலோசகர் சற்றுத் தயங்கி, "அது எங்க ஸ்கோப்ல வராது சார்" என்றார். அப்போது நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி, 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தருவதோடு, பணியாண்டு ஒன்றுக்கு 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். மென்பொருள் ஊழியர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது வெறும் ஏட்டு விவாதமன்று. 2015இல் நீக்கப்பட்ட மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்கும்படி சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. ஏழாண்டு வழக்காடும் தெம்பு எல்லோருக்கும் இராது என்றாலும், கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதானே இது? ஆலோசகரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கூலி கொடுப்பது என்னை அனுப்பிய நிறுவனம். எனக்குச் சேர வேண்டியதை எண்ணிப் பார்க்க அவர் எப்படிக் கற்றுத்தருவார்?

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன்; இரண்டும் சுயவிவர மென்பொருளுக்கும் ஆலோசகரின் பொறுமைக்கும். இலவசமாகக் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், கைக்காசு கொடுத்து வாங்க வேண்டாம். கணக்குத் தாளை மட்டும் முதல் வாரத்திலேயே தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாம் மாத முடிவில் கருத்துக் கேட்புப் படிவம் ஒன்று வந்தது. பன்னிரண்டு கேள்விகளில் ஒன்பதாவது, 'உங்கள் முந்தைய நிறுவனத்தில் வேலைக்குச் சேருமாறு நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்பது. அதை மட்டும் விட்டுவிட்டு அனுப்ப முயன்றேன். சிவப்பு எழுத்தில், விடையளிப்பது கட்டாயம் என்று காட்டியது. படிவத்தை மூடிவிட்டேன். அதன் பிறகு இரண்டு நினைவூட்டல்கள் வந்தன.