பழைய மாஸி டிராக்டருக்கு ஆயில் கூலர் மாட்டி 4 வருஷம், 1,140 மணி நேரம் ஓட்டின அனுபவம்

ஆயில் கூலர்னா எஞ்சின் ஆயில குளிர வைக்கற சின்ன ரேடியேட்டர். அத மாட்டின முதல் மாசமே எழுதியிருந்தா சூப்பரா இருக்கு எல்லாரும் மாட்டுங்கன்னு எழுதியிருப்பேன், ஆறு மாசம் கழிச்சு எழுதியிருந்தா தயவுசெஞ்சு மாட்டாதீங்கன்னு எழுதியிருப்பேன். ரெண்டுமே தப்பு. அதனாலதான் நாலு வருஷம் முழுசா ஓட்டிட்டு இப்ப எழுதறேன்.

வண்டி மாஸி பெர்குசன் 135. 1964லருந்து 1975 வரைக்கும் வந்த மாடல், உள்ள பெர்கின்ஸ் 3.152 டீசல், 3 சிலிண்டர், 2.5 லிட்டர், டர்போ கிடையாது. கூலர் இல்லாம வந்த வண்டிதான், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. சம்ப்ல, அதாவது எஞ்சின் அடில ஆயில் நிக்கற தொட்டில இருக்கற சுமார் 7 லிட்டர் ஆயில், பிளாக்கச் சுத்தி ஓடற தண்ணி, வண்டி நகரும்போது சம்ப்ல அடிக்கற காத்து, இது மூணும் சேந்து சூட்ட பாத்துக்கும். உழவு ஓட்றவங்களுக்கு இதுவே தாராளம்.

என் வேலை வேற மாதிரி. வண்டி நின்ன இடத்துலயே நின்னு பி.டி.ஓ-வுல (டிராக்டர் பின்னாடி வேற மெஷின சுத்த வைக்கற தண்டு) பம்பு இல்லன்னா கதிரடிக்கற மெஷின் ஓட்டும். பி.டி.ஓ நிமிஷத்துக்கு 540 தடவை சுத்தணும்னா எஞ்சின் 1,700 ஆர்.பி.எம் கிட்ட நிக்கணும், அப்படியே உச்சி வெயில்ல மூணு நாலு மணி நேரம் விடாம ஓடும், ரேடியேட்டர் பேன் இழுக்கற காத்தத் தவிர வேற காத்தே கிடையாது. காலைல கேஜ்ல 45 பி.எஸ்.ஐ காட்டற ஆயில் பிரஷர் மத்தியானம் அதே ஸ்பீடுல 26க்கு வந்துரும், ஐடில்ல விட்டா 8, 9ன்னு முள்ளு கீழ படுத்துக்கும். இந்த எஞ்சினுக்கு சூடா இருக்கும்போது புல் ஸ்பீடுல 30லருந்து 60 வரைக்கும் இருக்கணும். கிராங்க் தண்டுல இருக்கற மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் ரெண்டும் மாத்தி ஒரு வருஷம்தான் ஆச்சு. பாத்தவங்கெல்லாம் ஆயில் பம்ப மாத்துன்னாங்க.

பம்ப்ல கை வைக்கறதுக்கு முன்னாடி சம்ப் டிரெயின் பிளக்குல சென்சார் வச்சு டெம்பரேச்சர் கேஜ் மாட்டினேன், இந்தப் பூரா வேலைலயும் உருப்படியான செலவுன்னா அதுதான். மூணாவது மணி நேரத்துல 128 டிகிரி. சாதாரண எஸ்.ஏ.இ 30 ஆயில் 100 டிகிரில 9.3லருந்து 12.5 சென்டிஸ்டோக் (ஆயிலோட கெட்டித்தன்மைய அளக்கற அலகு) வரைக்கும் கெட்டியா இருக்கும், 130 கிட்ட போனா அதுல பாதி ஆயிடும், அப்புறம் எந்தப் பம்பு வச்சாலும் பிரஷர் எங்கருந்து வரும். அது மட்டுமில்ல, ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெட்டுப்போற வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு சொல்வாங்க, என் ஆயில் 60 மணி நேரத்துல தார் மாதிரி ஆனதுக்கு அதான் காரணம்.

இங்கதான் எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும், கூலர் வாங்க ஓடாதீங்க, முதல்ல ரேடியேட்டரப் பாருங்க. என் வண்டில பேனச் சுத்தி இருக்கற கவர் இல்லவே இல்ல, முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ கழட்டிப் போட்டுட்டாங்க. கவர் இல்லன்னா பேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம பக்கத்துல இருக்கற சூடு காத்தையே திரும்பத் திரும்பச் சுத்திவிடும். அத மாட்டி, ரேடியேட்டர கழட்டி உள்ள இருந்த உப்புப் படிவத்த கரைச்சு எடுத்து, பெல்ட்டு டைட் பண்ணி, டீசல் பீச்சற நாசில் டெஸ்ட் பண்ணி, டீசல் பம்ப்ல டீசல் அதிகமா போறத சரி பண்ணேன். 128 வந்தது 117க்கு இறங்குச்சு. கூலர் இல்லாமலே 11 டிகிரி! நிறைய பேருக்கு இதோட வேலை முடிஞ்சுரும். நின்ன இடத்துல ஓட்றதால எனக்குப் போதல, அதான் கூலர்.

வாங்கினது 13 வரிசை இருக்கற அலுமினியம் கூலர், புதுசு. வேற எஞ்சின்லருந்து கழட்டின பழசு ஒண்ணு சும்மாவே கிடைச்சுது, வேணாம்னுட்டேன். பேரிங் போன எஞ்சின்ல இருந்த கூலர்னா உள்ள இரும்புத் தூள் உக்காந்திருக்கும், எவ்வளவு டீசல் ஊத்திக் கழுவினாலும் முழுசா வராது, அது நேரா நம்ம புது பேரிங்குக்குத்தான் போகும். என் பில்டர் பழைய கிண்ணத்துக்குள்ள எலிமெண்ட் போடற டைப், அதுக்கு ஸ்பின்-ஆன் (பில்டர அப்படியே திருகி மாட்டற) ஹெட் மாத்தி, ஹெட்டுக்கும் பில்டருக்கும் நடுவுல ஆயில கூலருக்குத் திருப்பி விடற சாண்ட்விச் பிளேட் போட்டு ரெண்டு ஹோஸ் எடுத்தேன். கூலர ரேடியேட்டருக்கு முன்னாடி ஒட்டினாப்ல மாட்டினதும் தண்ணி சூடு 4 டிகிரி ஏறிருச்சு, 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ரப்பர் புஷ்ல தள்ளி மாட்டினதும் சரியாச்சு. ஹோஸ் மாட்டற வாய் மேல பாத்து இருக்கணும், அப்பதான் உள்ள காத்து நிக்காது, நைட்ல ஆயில் வடியாது.

முதல் மாசம் ஒரே சந்தோஷம். மத்தியானம் 96 டிகிரி, பிரஷர் 41, ஐடில்ல 16. அப்புறம் குளிர் காலம் வந்துச்சு, டிரெய்லர்ல லோடு அடிக்கற வேலை, கொஞ்ச தூரம் போறது நிறுத்தறது மறுபடி போறது. கேஜ் 60, 62ன்னு நிக்கும், நானும் நல்லாத்தான் கூலாகுதுன்னு விட்டுட்டேன். ஒருநாள் ஆயில் ஊத்தற மூடியக் கழட்டினா உள் பக்கம் முழுக்க மோர் ஆடை மாதிரி வெள்ளையா கொழகொழன்னு ஒரு படிவம், விரலால வழிச்சு எடுக்கலாம். ஹெட் கேஸ்கட் போயி தண்ணி ஆயில்ல கலந்துருச்சுன்னு பயந்துட்டேன். ரேடியேட்டர்ல ஆயில் இல்ல, தண்ணி லெவலும் குறையல. நடந்தது வேற. எஞ்சின் எரியும்போது வர்ற நீராவில கொஞ்சம் பிஸ்டன் ரிங்கத் தாண்டி சம்ப்புக்குள்ள வரத்தான் செய்யும், ஆயில் 80, 90 டிகிரிக்கு மேல நல்லா சூடானாத்தான் அது ஆவியாகி பிரீத்தர்ங்கற மூச்சுக் குழாய் வழியா வெளிய போகும். நான் ஆயில சூடாகவே விடல. தண்ணி உள்ளயே தங்கி, எரியாத டீசலும் கரியும் அதோட சேந்து, சம்ப் அடில சேறு. ஆயில் கொதிச்சாதான் எஞ்சின் சாகும்னு நினைச்சுட்டிருந்தேன், குளுந்தாலும் சாகும், என்ன கொஞ்சம் மெதுவா.

சம்ப்ப இறக்கி ஸ்ட்ரெய்னர்ங்கற ஆயில் சல்லடையக் கழுவி, தெர்மோஸ்டாட் (சூட்டப் பொறுத்துத் திறந்து மூடற வால்வு) உள்ள வச்ச சாண்ட்விச் பிளேட்டா மாத்தினேன். 80 டிகிரிக்குக் கீழ ஆயில் நேரா பில்டருக்குப் போயிரும், கூலருக்கு லேசா ஒரு கசிவு மட்டும்தான் போகும், காத்து வெளியேறவும் சூடு ஆயில் திடீர்னு பச்சைத் தண்ணி மாதிரி இருக்கற கூலர்ல போய் மோதாம இருக்கவும் அது வேணும். அன்னிக்கு மாட்டினதுலருந்து லோடு அடிக்கும்போது 84, பம்பு ஓட்டும்போது 98லருந்து 102. மூடிக்கு அடில அந்த வெள்ளை திரும்ப வரவே இல்ல. கூலர் மாட்றீங்கன்னா தெர்மோஸ்டாட்டோட மாட்டுங்க, இல்லன்னா மாட்டவே வேணாம்.

அடுத்தது ஹோஸ், இதுல ரெண்டு தடவை அடி வாங்கினேன். முதல்ல ரப்பர் ஹோஸ் போட்டு கிளிப் வச்சு முறுக்கினேன். 210வது மணி நேரத்துல கதிரடிச்சுட்டு இருக்கும்போது ஒரு முனை உருவிக்கிச்சு. நான் அப்ப தற்செயலா கேஜப் பாத்துக்கிட்டு இருந்தேன், முள்ளு 40லருந்து நேரா பூஜ்யம், உடனே ஸ்டாப்ப இழுத்துட்டேன். கீழ மண்ணு முழுக்க கறுப்பு, டிப் ஸ்டிக்குல ஒண்ணுமே ஒட்டல. திரும்பி மெஷினப் பாத்திருந்தா கிராங்க் போயிருக்கும். அப்புறம் அரை இஞ்ச் ஹைட்ராலிக் ஹோஸ் முனைல பிரஸ் பண்ணி வாங்கினேன், பிரஷரப் பத்திக் கவலையே இல்ல, ஆனா ரெண்டு வருஷத்துல குச்சி மாதிரி விறைச்சுப்போச்சு. வழக்கமா கிடைக்கற ஹைட்ராலிக் ஹோஸோட வரம்பே 100 டிகிரிதான், என் ஆயில் ஓடறதே அந்த எல்லைல. கடைல கேக்கும்போது பிரஷர் மட்டும் சொல்லாதீங்க, சூடு எவ்வளவு தாங்கும்னு கேளுங்க, 150 டிகிரி தாங்கற ஹோஸ் தனியா இருக்கு. அதையும் எங்க வளைஞ்சு உரசுதுன்னு பாத்து ரப்பர் சுத்தணும். மூணு சிலிண்டர் ஆட்டத்துல பிராக்கெட் ஓரத்துல உரசி, உள்ள இருக்கற கம்பிப் பின்னல் பளபளன்னு தெரியற அளவுக்கு ஒரு இடத்துல தேஞ்சிருந்துச்சு, சர்வீஸ் அன்னிக்குக் கண்ணுல பட்டதால தப்பிச்சேன்.

ஆயில் கணக்கும் மாறும். கூலர், ஹோஸ் எல்லாம் சேந்து எனக்கு 600 மில்லி கூட பிடிக்குது, முதல் தடவை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு டிப் ஸ்டிக் பாத்து ஊத்தணும். ஆயில் மாத்தும்போது கூலர்ல இருக்கற பழசு வடியாது, வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டித் தலைகீழா கவுத்துடுவேன். கதிரடிச்ச நாள் சாயங்காலம் கூலருக்கு உள் பக்கத்துலருந்து காத்தடிச்சே ஆகணும், இல்லன்னா உமியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேந்து கம்பளி மாதிரி அப்பிக்கும், அப்ப ஆயிலோட சேத்து ரேடியேட்டரும் மூச்சு விடாது.

இப்ப நிலவரம்: முன்னாடி 40 மணி நேரத்துக்கு 1 லிட்டர் ஆயில் இறங்கும், இப்ப 70க்கு ஒரு லிட்டர். ஆயில் மாத்தற இடைவெளிய நான் நீட்டல, கரி சேரறது கூலரால குறையாதுல்ல. சக்தி கூடல, டீசல் மிச்சமாகல, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. போன மாசம் சம்ப்ப இறக்கி ஒரு பிக் எண்ட் கேப்பக் கழட்டிப் பாத்தேன், பேரிங் சாம்பல் நிறத்துல ஒரே சீரா இருக்கு, ஒரு கீறல் இல்ல, மேல் பூச்சு தேஞ்சு அடில இருக்கற செம்பு எங்கயும் எட்டிப் பாக்கல. அப்படியே ஆயில் தடவித் திரும்ப மாட்டிட்டேன்.